வாசல் திறந்திருந்தும் திரும்பாதவன்

கேள்வி இது: "முதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாநாயகி நன்றாக வந்திருக்கிறாள் என்று படித்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். வில்லன் மட்டும் அட்டையில் வெட்டி நிறுத்தியதுபோல் இருக்கிறானாம். முதலில் அவன் செய்யும் கொடுமைகளைக் கூட்டிப் பார்த்தேன். பிறகு அவனுக்குச் சோகமான ஒரு சிறுவயதைக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டும் எடுபடவில்லை. மனதில் நிற்கிற வில்லன் எப்படி உருவாகிறான்?"

அடுத்தவர்களின் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துத் திருத்துவதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. நீங்கள் செய்து பார்த்த இரண்டு வைத்தியங்களையும், அதே வரிசையில், பலர் செய்து பார்த்திருக்கிறார்கள். முதலில் ரத்தம், அது பலிக்காவிட்டால் கண்ணீர். இரண்டும் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். ரத்தத்தைக் காட்டினால் அவன் என்ன செய்தான் என்று தெரிகிறது. கண்ணீரைக் காட்டினால் அவனுக்கு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிகிறது. செய்யலாமா வேண்டாமா என்று அவன் தீர்மானித்த அந்த நொடி இரண்டிலும் விட்டுப்போகிறது. வாசகர் காத்திருப்பதோ அதற்குத்தான்.

புத்தகத்தை மூடிய பிறகும் நம்மோடு கூடவே வருகிற வில்லனிடம் ஒரு விஷயம் தவறாமல் இருக்கும். அவனால் திரும்பிப் போக முடியும். வாசல் திறந்திருக்கிறது, அது திறந்திருப்பது அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். போய்விடேன் என்று நாம் உள்ளுக்குள் கெஞ்சுகிறோம். அவன் போவதில்லை. ஏன் போகவில்லை என்பதும் நமக்குப் புரிகிறது. அப்படிப் புரிந்துவிடுவதுதான் வயிற்றைப் பிசைகிறது.

இதைக் கம்பரைவிடப் பெரிதாகச் செய்துகாட்டியவர் யாரையும் நான் படித்ததில்லை. இராவணனுக்கு அவர் திறந்துவைக்கிற வாசல்களை எண்ணிப் பாருங்கள். சீதையைக் கவரப் புறப்படும் முன்பே மாரீசன் வேண்டாம் என்கிறான். மந்திராலோசனையில் கும்பகருணன் முகத்துக்கு நேரே சொல்கிறான்: "பேசுவது மானம், இடை பேணுவது காமம், கூசுவது மானிடரை, நன்று நம் கொற்றம்." வாயில் மானப் பேச்சு, நடுவே வளர்ப்பது காமம், மனிதர்களைக் கண்டால் கூச்சம், நன்றாக இருக்கிறது நம் ஆட்சி என்கிறான் தம்பி. வீடணன் இரணியனின் கதையை முழுதாக எடுத்துச் சொல்லி எச்சரிக்கிறான். போர் தொடங்கிய பிறகும் வாசல் அடைபடவில்லை. எல்லாவற்றையும் இழந்து களத்தில் தனியாக நிற்கிறவனுக்கு எதிரியே வழி விடுகிறான்: "இன்று போய்ப் போர்க்கு நாளை வா."

அன்று அவன் நகருக்குத் திரும்புகிற காட்சியைப் பாருங்கள். யானைகளோடு பொருத மார்பு, மலையை எடுத்த தோள், நாரதரே மெச்சும்படி இசைத்த நாவு, பத்து முடிகள், சிவன் கொடுத்த வாள் என்று ஒவ்வொன்றாகக் கம்பர் பட்டியலிடுகிறார். கடைசியில், வீரத்தையும் சேர்த்துக் "களத்தே போட்டு வெறுங்கையோடு இலங்கை புக்கான்" என்று முடிக்கிறார். தோற்ற வில்லனுக்கு இத்தனை மரியாதையா என்று முதல் வாசிப்பில் வியப்பாக இருக்கும். அந்த மரியாதை இருப்பதால்தான் "வெறுங்கை" என்ற சொல் அப்படி அறைகிறது.

அதற்குப் பிறகு வருகிற ஒரு பாடலை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். வானம் சிரிக்கும், மண் சிரிக்கும், இதுவரை தான் பார்த்துச் சிரித்த பகைவர் எல்லாரும் சிரிப்பார்கள். அதற்கெல்லாம் அவன் நாணவில்லை. "சானகி நகுவள் என்றே நாணத்தால் சாம்புகின்றான்." மூன்று உலகையும் ஆண்டவன் படுக்கையில் கிடந்து, சிறையில் அடைத்து வைத்திருக்கிற ஒரு பெண் தன்னைப் பார்த்துச் சிரிப்பாளே என்று வாடுகிறான். ஒரு வில்லனை இவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்த வரி அபூர்வம். அவன் குற்றத்தை இது ஒரு துளியும் குறைக்கவில்லை. மானம் என்று ஊரறியச் சொல்லிக்கொள்வதன் அடியில் அவனுக்கு உண்மையில் வேண்டியிருப்பது என்ன என்று காட்டிவிடுகிறது.

கடைசியில் மகன் வருகிறான். இந்திரசித்து களத்திலிருந்து அடிபட்டுத் திரும்பி, அச்சத்தால் சொல்லவில்லை, சீதைமேல் வைத்த ஆசையை விட்டுவிடுங்கள், அவர்கள் கோபம் தணிந்துபோவார்கள் என்கிறான். யார் சொன்னாலும் கேட்காதவன் மகன் சொன்னால் கேட்பான் என்று நினைக்கிறோம். இராவணன் சிரித்துவிட்டுச் சொல்கிறான்: இறந்துபோனவர்கள் இந்தப் பகையை முடிப்பார்கள் என்றோ, மிச்சமிருப்பவர்கள் வென்று தருவார்கள் என்றோ, நீ வென்று தருவாய் என்றோ எண்ணி நான் இதில் இறங்கவில்லை. "என்னையே நோக்கி யான் இந் நெடும் பகை தேடிக் கொண்டேன்." தோற்றாலும், இராமன் பெயர் நிற்கும் வரை என் பெயரும் நிற்குமல்லவா என்றும் கேட்கிறான்.

இந்த இடத்தில் சாக்கு எதுவும் மிச்சமில்லை. தங்கை பட்ட அவமானம், விதி, சாபம் எதையும் அவன் துணைக்கு அழைக்கவில்லை. நான் தேடினேன், நானே ஏற்கிறேன் என்கிறான். உங்கள் வில்லனிடம் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். அவன் அதை வாயால் சொல்ல வேண்டும் என்பதில்லை. ஒரு செய்கையில் தெரிந்தாலும் போதும்.

பெரிய காவியம், பத்துத் தலை, பெரிய மனிதன், அதனால் முடிந்தது என்று நினைக்கலாம். அதே மொழியில் இதற்கு நேர் எதிரான அளவில் ஒரு வில்லன் இருக்கிறான். சிலப்பதிகாரத்தின் பொற்கொல்லனுக்குப் பெயர்கூடக் கிடையாது. கதையில் அவன் இருப்பது சில பக்கங்கள். ஆனால் மதுரை எரிவதற்கு முதல் பொறி அவன் கையிலிருந்துதான் விழுகிறது.

அவன் கதைக்குள் வரும் விதத்தைக் கவனியுங்கள். தெருவில் நூறு கொல்லர் பின்தொடர, மேலே சட்டை, கையில் குறடு என்று கௌரவமாக வருகிறான். கோவலனே அவனை மதித்து, அரசியின் காலுக்கு ஏற்ற சிலம்பு ஒன்றுக்கு விலை மதிக்க முடியுமா என்று கேட்கிறான். அவன் பணிவாகப் பேசுகிறான். சிலம்பைப் பார்க்கிறான். அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடி வைத்திருப்பவன் அவன்தான். அந்த நொடியில் அவன் மனதில் ஓடுவதை இளங்கோ மூன்றே வரியில் சொல்லிவிடுகிறார்: நான் மறைத்த சிலம்பு வெளியே தெரிந்துவிடும் முன்னால், இந்தப் "புலம்பெயர் புதுவ"னைக் காட்டி அரசனின் சந்தேகத்தைத் திருப்பிவிடுவேன்.

புலம்பெயர் புதுவன் என்ற அந்த இரண்டு சொல்லில் மொத்தக் கணக்கும் அடங்கிவிட்டது. ஊருக்குப் புதியவன், கேட்க ஆளில்லாதவன். கோவலன்மேல் பொற்கொல்லனுக்கு வெறுப்பே இல்லை. எனக்கு அவனை நினைத்தால் பயமாக இருப்பதற்கு அதுதான் காரணம். அரசன் ஊடல்கொண்ட தேவியைத் தேற்ற அவசரமாகப் போகிற நேரம் பார்த்துச் சேதி சொல்கிறான். காவலர்கள் கோவலனைப் பார்த்துவிட்டு, இவன் கொலை செய்யத் தக்கவன் அல்லன் என்று தயங்குகிறார்கள். அங்கே வாசல் மறுபடி திறக்கிறது. "நான்தான் தவறாக நினைத்துவிட்டேன் போலிருக்கிறது" என்று சொன்னால் போதும், ஒரு உயிர் பிழைக்கும். அவனோ திருடர்களுக்குத் துணைநிற்கும் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று எட்டையும் வரிசையாக எடுத்துச் சொல்லி அந்தத் தயக்கத்தைக் கரைக்கிறான். கடைசியில் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். பொற்கொல்லன் கையில் ரத்தம் படவே இல்லை.

இராவணனும் பொற்கொல்லனும் ஒரே இனம் என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். ஒருவன் கம்பீரத்துக்காகத் திரும்பவில்லை, இன்னொருவன் பயத்துக்காகத் திரும்பவில்லை. கதை சொல்கிறவருக்கு இருவரிடமும் இருக்கும் வேலை ஒன்றுதான்: வாசலைக் காட்டுவது, அவன் கை அதைச் சாத்துவதைக் காட்டுவது.

இனி, நானே ஒன்றை யோசித்து எழுதிக் காட்டுகிறேன். ஒரு கிடங்கு. இரவு வேலையில் பதினொரு பேர். சரக்கு காணாமல் போகிறது என்பதற்காக மேலாளர் பின்வாசலுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அன்றிரவு தீப்பிடிக்கிறது. மூன்று பேர் பின்வாசல் வரை ஓடிவந்து, அங்கேயே இறந்துபோகிறார்கள். கிழட்டுக் காவலாளி உள்ளே புகுந்து மற்றவர்களை இழுத்து வெளியே தள்ளிவிட்டு மயங்கி விழுகிறார்.

விடியும் நேரம் மேலாளர் வந்து நிற்கிறார். கை தற்செயலாகச் சட்டைப்பைக்குள் போகிறது. சாவி.

பல பிரதிகளில் இந்த இடத்துக்கு முன்பே மேலாளரின் கல்நெஞ்சைப் பற்றி இரண்டு பக்கம் வந்திருக்கும். அது வேண்டாம். அவர் அழுகிறார் என்றே வையுங்கள். உண்மையாகவே அழுகிறார். செத்தவர்களில் ஒருவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போகிறார். அந்தப் பக்கம் தீ வரவே இல்லை. மேசை, நாற்காலி எல்லாம் இருந்தபடி இருக்கின்றன. ஆணியில் காவலாளியின் சாவிக்கொத்து தொங்குகிறது. வளையத்தை நகத்தால் விரித்துத் தன்னிடமிருக்கும் சாவியை அதில் கோக்கிறார். மற்றச் சாவிகள் கைபட்டு மங்கிப்போனவை. புதியது மட்டும் பளபளவென்று துருத்திக்கொண்டு நிற்கிறது. கழற்றி எடுத்துக்கொண்டு மறுபடி கிடங்குக்குள் போகிறார். சுவரில் படிந்திருக்கும் கரியைக் கட்டைவிரலால் வழித்துச் சாவியின் பல்லிடுக்கில் எல்லாம் தேய்க்கிறார். பொறுமையாகத் தேய்க்கிறார். திரும்ப வந்து கோத்து மாட்டுகிறார்.

பூட்டியது அலட்சியம். கோத்தது பதற்றத்தில் செய்தது என்று ஒரு வக்கீல் வாதாடலாம். கழற்றி எடுத்துப்போய்க் கரி தேய்த்தாரே, அங்கேதான் அவர் வில்லனாகிறார். அந்த நடைக்கு எடுத்த அரை நிமிடமும் வாசல் திறந்திருந்தது.

நான்காம் நாள் காவலாளிக்கு நினைவு வருகிறது. மேலாளர் கட்டிலருகே உட்கார்ந்து பழம் உரித்துக் கொடுக்கிறார். "ஐயா, பின்வாசலை நானா பூட்டினேன்? எனக்கு நினைவே இல்லையே" என்கிறார் கிழவர். இன்னொரு வாசல். மேலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்கிறார்: "வயசாயிடுச்சில்ல பெரியவரே. விடுங்க. நான் பாத்துக்கறேன்." பார்த்தும் கொள்கிறார். வழக்கு வராமல் பேசி முடிக்கிறார், கிழவரின் மகளைப் படிக்க வைக்கிறார். அவள் அவரை மாமா என்று கூப்பிட்டு வளர்கிறாள். மூன்று பேரைக் கொன்றவன் என்ற எண்ணத்தோடே அவள் அப்பா செத்துப்போகிறார். பல வருடம் கழித்துப் பெட்டியைக் குடைந்தவள் கையில் அந்தச் சாவிக்கொத்து கிடைக்கிறது. தீ எட்டிப் பார்க்காத அறையில் தொங்கிய கொத்தில், ஒரே ஒரு சாவியின் பல்லிடுக்கில் மட்டும் கரி எப்படி வந்தது?

இந்த மேலாளரை நான் வெறுக்கிறேனா? ஆமாம், நன்றாகவே. அவர் அந்தப் பெண்ணுக்கு உண்மையாகவே நல்லது செய்தார் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நன்மையைச் சாவியிலிருந்து பிரிக்க முடியவில்லை, அவளாலும் முடியாது. ஒரு வில்லன் நாயகியை இவ்வளவு சிக்கலில் மாட்டிவிட்டால், அடுத்த நூறு பக்கம் அவளே எழுதிக்கொள்வாள்.

சோகமான சிறுவயதைப் பற்றி. கடந்த காலமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை எந்த வேலைக்கு வைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. மன்னிப்புச் சீட்டாக வைத்தால் வில்லன் சுருங்கிவிடுவான். அடிவாங்கி வளர்ந்தான், அதனால் அடிக்கிறான் என்றால் பள்ளத்தில் உருளும் கல்லுக்கும் அவனுக்கும் வித்தியாசம் கிடையாது. கல்கி 1950ல் தொடங்கிய பொன்னியின் செல்வனில் நந்தினிக்கும் ஒரு காயம் இருக்கிறது. அடிபட்டுக் கிடக்கும் வீரபாண்டியனைக் கொல்லாதே என்று அவள் கெஞ்சுகிறாள். ஆதித்த கரிகாலன் கேட்காமல் தலையை வெட்டிவிடுகிறான். இந்தச் சம்பவத்தைக் கரிகாலன் வாயாலேயே நாம் கேட்கிறோம் என்பதில்தான் கல்கியின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. காயம்பட்டவள் சொல்லியிருந்தால் அது முறையீடாகப் போயிருக்கும். வெட்டியவனே தூக்கமில்லாமல் சொல்லும்போது, அவளை அவன் எவ்வளவு பெரிதாகச் சுமக்கிறான் என்பதும் சேர்ந்து வருகிறது. அவள் காயம் அவளை மன்னித்துவிடச் சொல்லவில்லை, அவள் வாள் எந்தத் திசையில் திரும்பும் என்று மட்டும் சொல்கிறது. உங்கள் வில்லனின் சிறுவயதை ஒரு அத்தியாயமாக எழுதியிருந்தால் எடுத்துவிட்டு, அதைத் தெரிந்த இன்னொருவர் வாயில் அரைப் பக்கமாகக் கொடுத்துப் பாருங்கள். சொல்ல விருப்பமில்லாத ஒருவர் என்றால் இன்னும் நல்லது.

நீங்கள் ஒரு எதிர்க்கேள்வி கேட்கலாம். காரணமே புரியாத வில்லன்களும் மனதில் நிற்கிறார்களே? ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ 1604ல் மேடையேறிய பதிவு இருக்கிறது. அதில் தன் தளபதி ஒத்தெல்லோவைப் பொய் சொல்லியே அழிக்கிற இயாகோ ஏன் அப்படிச் செய்தான் என்று இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பதவி உயர்வு கிடைக்கவில்லை என்கிறான். தன் மனைவியோடு ஒத்தெல்லோவுக்குத் தொடர்பு இருக்குமோ என்கிறான். எதுவும் நடந்த நாசத்தின் எடைக்குக் காணாது. காரணமில்லாத தீமை காரணம் தேடி அலைகிறது என்ற பொருளில் கவிஞர் கோல்ரிட்ஜ் குறித்து வைத்தது புகழ்பெற்றது. பிடிபட்ட பிறகு அவன், என்னை எதுவும் கேட்காதீர்கள், உங்களுக்குத் தெரிந்தது தெரிந்ததுதான், இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான்.

இது நான் சொன்னதை உடைக்கிறதா என்று நீண்ட நாள் யோசித்திருக்கிறேன். உடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். இயாகோவின் காரணம் நமக்கு மறைந்திருக்கிறது, அவன் தீர்மானம் மறைந்திருக்கவில்லை. மேடையில் தனியாக நிற்கும்போதெல்லாம் அவன் நம்மிடம்தான் பேசுகிறான். திட்டம் உருவாவதே நம் கண்ணெதிரில். "நேர்மையான இயாகோ" என்று ஒத்தெல்லோ அவனைத் திரும்பத் திரும்ப அழைக்கும்போது, அந்த அரங்கத்தில் உண்மை தெரிந்தவர்கள் அவனும் நாமும்தான். ஒவ்வொரு படியிலும் நாம் கூட இருந்திருக்கிறோம், தடுக்க முடியவில்லை. காரணத்தை மறைக்க விரும்பினால் இப்படி மறையுங்கள்: மனதைத் திறந்து காட்டிவிட்டு, அதன் அடித்தளத்தை மட்டும் இருட்டில் விடுங்கள். எதையுமே காட்டாமல் மர்மம் என்று பெயர் வைத்தால் வாசகர் அதை நம்ப மாட்டார்.

சில வில்லன்களுக்கு வாசல் கடைசியில்தான் தெரியும். தமிழில் ஏழை படும் பாடு என்று நாம் அறிந்த விக்டர் ஹியூகோவின் பிரெஞ்சு நாவல் 1862ல் வந்தது. அதில் வரும் ஷாவேர் சட்டத்தின் ஆள். வாழ்நாள் முழுக்க ஒருவனைத் துரத்துகிறார். துரத்தப்பட்டவனே ஒருநாள் அவர் உயிரைக் கையில் வைத்திருந்தும் விட்டுவிடுகிறான். கருணை என்று ஒன்று இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிகிறது. பதிலுக்கு அவனைப் போகவிடுகிறார். ஆனால் அதற்குப் பிறகு தன்னோடு வாழ அவருக்குத் தெரியவில்லை, ஆற்றில் குதித்துவிடுகிறார். அவரை வில்லன் என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கதையில் அவர் செய்யும் வேலை அதுதான். தான் செய்வது சரி என்று நம்புகிறவரை எழுதப்போகிறீர்கள் என்றால் இவரைக் கூர்ந்து படியுங்கள்.

வில்லன் என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. தமிழில் வில்லை ஏந்தியவன் வில்லன். அந்தக் கணக்கில் இராமன்தான் வில்லன். நாம் இப்போது புழங்குகிற சொல்லோ ஆங்கிலம் வழியாக வந்தது. அதன் வேர் இலத்தீனில் பண்ணை வீட்டைக் குறிக்கும் வில்லா. பண்ணையில் உழைத்தவனைக் குறித்த சொல், மேலே இருந்தவர்களின் வாயில் புரண்டு புரண்டு கீழ்மகன், அயோக்கியன் என்று ஆகிவிட்டது. எழுதும்போது இதை நினைத்துக்கொள்வேன். இவனைக் கெட்டவன் என்று காட்ட நான் எடுத்துக்கொண்ட அடையாளம் என்ன? முகத் தழும்பு, கறுத்த நிறம், ஊனம், கொச்சைப் பேச்சு, ஏழ்மை என்று பட்டியல் போனால் அது அவனைப் பற்றிய தகவலே அல்ல, எழுதுகிறவர் யாரைக் கண்டு முகம் சுளிக்கிறார் என்பதுதான். அவற்றையெல்லாம் அடித்துவிட்டு அவன் செய்கையில் மட்டும் அவன் தெரிகிறானா என்று பாருங்கள்.

இன்னொரு குறை, இதை வந்து சேரும் பிரதிகளில் பாதிக்கு மேல் பார்க்கிறேன்: வில்லனை நேசிக்க அந்தக் கதையில் ஒருவரும் இல்லை. எல்லாரும் பயப்படுகிறார்கள், அடியாட்கள் தலையாட்டுகிறார்கள். அப்படி ஒரு மனிதன் எப்படி இவ்வளவு தூரம் வந்தான்? வில்லிபுத்தூரார் பாரதத்தில் கர்ணன், துரியோதனனை ஏன் விட்டுவர மாட்டேன் என்பதற்குச் சொல்கிற காரணம் ஒரு சின்னச் சம்பவம். துரியோதனனின் மனைவியோடு தனித்திருந்தபோது அவள் மேகலை அறுந்து மணிகள் சிதறிவிட்டன. கணவன் உள்ளே வருகிறான். சந்தேகப்பட எல்லாம் இருக்கிறது. அவன் கேட்டது: "எடுக்கவோ, கோக்கவோ?" பாண்டவர்களுக்கு ஊசிமுனை நிலம்கூடத் தர மாட்டேன் என்றவன், நண்பனுக்காகக் குனிந்து மணி பொறுக்கத் தயாராக இருக்கிறான். இந்த ஒரு கேள்வியால் துரியோதனன் நல்லவனாகிவிடவில்லை. கர்ணன் அவனுக்காக உயிர் விடுவது நமக்குப் புரிந்துவிடுகிறது. கம்பரின் கும்பகருணனும் அப்படித்தான். அண்ணன் செய்வது தவறு என்று முகத்துக்கு நேரே சொன்னவன், அதே அண்ணன் வளர்த்த உடம்பு இது, அவனுக்காக உயிரைக் கொடுக்காமல் போக மாட்டேன் என்று களத்தில் நிற்கிறான். வில்லனை நேசிக்கிற ஒரு நல்ல மனிதரைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். வில்லனின் கனம் அன்றே இரட்டிப்பாகும்.

வில்லனுக்குத் திறமை வேண்டும் என்பது எல்லாரும் சொல்வது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். காவியம் எழுதுவது எப்படி என்று சொல்லும் வடமொழி நூலான காவியாதர்சத்தில் தண்டி இரண்டு வழி சொல்கிறார். தலைவனின் குணத்தைப் பாடிவிட்டு, அவன் பகைவரை வீழ்த்துவதைச் சொல்லலாம். அல்லது பகைவனின் குலம், வீரம், கல்வி எல்லாவற்றையும் வர்ணித்து, அப்பேர்ப்பட்டவனை வென்றான் என்று தலைவனை உயர்த்தலாம். இந்த இரண்டாவதும் எமக்கு உவப்பே என்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய யோசனை, இன்றும் செல்லும். உங்கள் வில்லன் கதையில் குறைந்தது ஒருமுறையாவது உண்மையாக ஜெயிக்க வேண்டும். நாயகி ஏமாந்ததால் என்று இருக்கக்கூடாது, அவன் கெட்டிக்காரன் என்பதால் ஜெயிக்க வேண்டும். அந்தத் தோல்வியில் அவள் இழந்தது பிறகு திரும்பக் கிடைக்கவும் கூடாது.

சுறா, கொள்ளைநோய், பேய் மாதிரியான எதிரிகளுக்கு நான் சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே தீர்மானிக்கிற மனம் இல்லை. அந்தக் கதைகளில் நிஜமான வில்லன் பெரும்பாலும் கரையில் நிற்கிற மனிதன்தான், ஆபத்து தெரிந்தும் கடற்கரையை மூட மாட்டேன் என்கிறவன்.

உங்கள் பிரதிக்கு வருகிறேன். அதை நான் படித்ததில்லை, ஆனால் ஒரு பயிற்சி சொல்ல முடியும். நாயகி இல்லாத ஒரு அத்தியாயத்தை எழுதுங்கள். வில்லனுக்குச் சாதாரணமான ஒரு நாள். காலையில் எழுந்தது முதல் யார் யாரோடு பேசினான், யார் அவனிடம் உதவி கேட்டார்கள், எந்த வேலையை அக்கறையோடு செய்தான், எதை நினைத்துத் தூக்கம் வராமல் புரண்டான். அந்த நாளின் நடுவில், செய்யப்போகும் கெடுதலை விட்டுவிட ஒரு நல்ல வாய்ப்பை அவன் முன்னால் வையுங்கள். சுலபமானதாக இருக்கட்டும்: ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு கையெழுத்து, ஒரு மன்னிப்பு. அவன் அதைப் பார்க்க வேண்டும். கையை நீட்டப்போய் நிறுத்த வேண்டும். ஏன் நிறுத்தினான் என்பதை அவனுக்கே நியாயமாகப் படுகிற ஒரு வாக்கியத்தில், ஒரே வாக்கியத்தில், எழுதுங்கள். இரண்டாவது வாக்கியம் தேவைப்பட்டால் உங்களுக்கு அவனை இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று பொருள். விட்டுவிட்டு அடுத்த நாள் மறுபடி உட்காருங்கள்.

இந்த அத்தியாயம் நாவலில் இடம்பெற வேண்டும் என்றில்லை. எழுதி முடித்ததும் அவன் வருகிற பழைய காட்சிகளைத் திருப்பிப் படியுங்கள். உரக்கச் சிரிக்கிற இடங்கள், மிரட்டல் வசனங்கள் சிலவற்றை நீங்களே அடித்துவிடுவீர்கள். பிறகு நாயகியின் காட்சிகளுக்குப் போங்கள். அவனை எதிர்க்க இதுவரை அவளுக்குத் தைரியம் மட்டும் போதுமாக இருந்தது. இனி அவன் அந்த ஒற்றை வாக்கியத்தை அவள் முகத்துக்கு நேரே சொன்னால் அவள் என்ன பதில் சொல்வாள் என்று யோசிக்க வேண்டியிருக்கும். அந்தப் பதில் சட்டென்று வராவிட்டால் பயப்படாதீர்கள். வரும்வரை அந்தக் காட்சியை எழுதாமல் வைத்திருங்கள்.